இளந்தளிரும் மழையிலையும்

படுக்கையறைச் சுவரில் மாதிரிக்குப் பெயின்ட் அடித்த இரண்டு பச்சைச் சதுரங்கள். இடது பக்கம் 'இளந்தளிர்', வலது பக்கம் 'மழையிலை'. அவற்றின் முன்னால் வெண்டைக்காய் பொறுக்குகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டு அவன் நின்றான்.

போன மாதம் திரைச்சீலை வாங்கும்போது, "எதுவானாலும் சரி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். "அப்போ இது எனக்கு மட்டும்தான் வீடா?" என்று கேட்ட மனைவி, அதற்குப்பின் இரண்டு நாள் பேசவே இல்லை. கல்யாணமான பிறகு வந்த முதல் மௌனம். இன்னொன்றை அவன் தாங்கமாட்டான். இன்று ஒரு கருத்து சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் இரண்டும் அவனுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன.

"சொல்லுங்க" என்றாள்.

"இடது பக்கம் கொஞ்சம்... அமைதியா இருக்கு."

"அமைதியா? தூங்கி வழியுதுங்க! வலது பக்கம் பாருங்க, என்ன துடிப்பு!"

"படுக்கையறையில அவ்வளவு துடிப்பு எதுக்கு?" சொன்னதும் அவனுக்கே தன்மேல் மரியாதை வந்தது.

அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள். போர்வையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில், "அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ஏணியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பெயின்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "வலதுல மஞ்சள் கொஞ்சம் தூக்கல்மா. பழகின கண்ணுக்குத்தான் தெரியும்."

"எனக்கும் தெரியுதே!" என்று அவன் அவசரமாகச் சேர்ந்துகொண்டான்.

வலதே வென்றது. பெயின்டர் மழையிலை டின்னை எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார். மூடி இன்னும் திறக்கப்படவே இல்லை.

"ரெண்டு கட்டத்தையும் ஒரே டின்ல அடிச்சிட்டேன் போலிருக்கே..."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெயின்டர் மூடியை நெம்பித் திறந்து, பக்கத்தில் மூன்றாவது சதுரத்தை அடித்தார். மூன்று பேரும் மூக்கு சுவரில் படாத குறையாகப் பார்த்தார்கள்.

அவன் மூச்சை இழுத்துவிட்டான். "கோவிச்சுக்காதே. எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரியுது. அக்கறை இல்லாம சொல்லலம்மா. சாயங்காலம் வரைக்கும் உன்கூட நின்னு பார்க்கச் சொன்னாலும் பார்க்கிறேன்."

அவள் உதட்டைக் கடித்தாள். முடியவில்லை, வெடித்துச் சிரித்தாள்.

"எனக்கும் ஒண்ணாத்தாங்க தெரியுது! நீங்க 'அமைதி'ன்னதும், ஐயோ நமக்கு மட்டும் தெரியலையேன்னு பயந்து 'துடிப்பு'ன்னு அடிச்சு விட்டேன்!"

சிரித்துக்கொண்டே அவன் மார்பில் செல்லமாக ஒரு தள்ளு தள்ளினாள். அவன் நேராகப் போய் ஈரச் சதுரத்தில் சாய்ந்தான்.

அவன் முதுகைத் திருப்பிப் பார்த்து அவள் சொன்னாள்: "அண்ணே, மழையிலையே அடிச்சிடுங்க. இவர் சட்டைக்கு எடுப்பா இருக்கும்."