ஒரு மணி நேரத்தில் வேகும் மாடு

எங்கள் மேனேஜருக்கு நானும் என் நாத்தனாரும் வைத்த பெயர் 'பேப்பர்'. கையில் பேப்பர் இல்லாமல் அவர் சமையலறைக்குள் வந்ததாகச் சரித்திரமே இல்லை. பாத்திரம் கழுவுவது எப்படி என்றுகூட ஒரு பேப்பரைச் சுவரில் ஒட்டினார். பதினாறு வருஷமாக இந்தத் தொழிற்சாலை கேன்டீனில் அழுக்குப் பாத்திரத்திலா சமைத்தேன் என்று கேட்க வாய் துடித்தது. சம்பளம் வாங்குகிற வாய், அடங்கிவிட்டது.

அந்த மாதம் அவர் கொண்டுவந்த பேப்பரின் தலைப்பு 'உலகச் சமையல்'. நாளுக்கு ஒரு நாட்டு முறையில் மாட்டுக்கறி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வந்து இறங்கிய கறியைப் பார்த்தால் கெண்டைக்கால், கழுத்து, வால். மாடு ஆயுள் முழுக்க நடந்து, தலையாட்டி, ஈ ஓட்டி உழைத்த இடங்கள். உழைத்த உடம்பு லேசில் வேகுமா? மூன்று மணி நேரமாவது சின்னத் தீயில் கிடக்க வேண்டும். பேப்பரிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. மேனேஜர் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு 'ஒரு மணி நேரம்' என்று எழுதியிருந்தார்.

"சார், இது கெண்டைக்கறி. ஒரு மணி நேரத்துல தண்ணிதான் கொதிக்கும்" என்றேன்.

"பழைய நெனப்புலயே இருக்காதீங்கக்கா. கேஸ் மிச்சமாகணும். எல்லாம் பிளானிங்லதான் இருக்கு."

இவர் வீட்டில் ஒரு முட்டையாவது வேகவைத்திருப்பாரா என்பதே சந்தேகம். பெரிய குக்கர் கேட்டு நாங்கள் எழுதிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பேப்பர் மட்டும் எங்கே போனதென்று அவருக்கே தெரியாது.

சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று நாங்கள் ஒரு வேலை செய்தோம். மதியச் சாப்பாடு முடிந்தபின் டீ அடுப்பு மட்டும் சாயங்காலம் வரை எரியும். டீ டிரம்முக்குப் பின்னால் ஒரு அண்டா உட்கார இடம் உண்டு. அடுத்த நாள் கறியை வெங்காயம், உப்போடு அதில் ஏற்றி மூடிவிடுவோம். எப்படியும் எரிகிற தீதானே. நாத்தனார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். மூடியைத் திறக்காமல் வாசனையை வைத்தே, "அண்ணி, இன்னும் அரை மணி" என்பாள். சரியாக இருக்கும். ஆறினதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம். அவள் மூக்கைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நாத்தனாரைப் பாராட்டி நாக்கு அழுகிப்போனால் யார் பதில் சொல்வது?

மறுநாள் மேனேஜர் வந்து நின்று பார்க்கும் ஒரு மணி நேரத்தில் மேல்வேலை நடக்கும். திங்கட்கிழமை ஒயின் நாடு. ஒயினுக்கு மேலிடத்து அனுமதி கிடைக்காததால் திராட்சை ஜூஸும் வினிகரும். செவ்வாய்க்கிழமை சோயா சாஸும் அன்னாசிப்பூவும். புதன்கிழமை தக்காளி, சீரகம், காய்ந்த மிளகாய். வியாழக்கிழமை பட்டையும் உலர்ந்த பழமும். அண்டாவுக்குள் கிடப்பது ஒரே கறி, ஊற்றுகிற பாட்டில்தான் நாட்டுக்கு நாடு வேறு. நல்ல துண்டைப் பணக்காரன் எடுத்துப் போக, மிச்சத்தை ஏழை நாள் முழுக்க வேகவைத்திருக்கிறான். அதற்குப் பெயர் வைத்துத் தட்டில் அலங்கரித்தவன் நம்ம மேனேஜர் மாதிரி யாரோ.

கறி பஞ்சாக இருந்தது. தொழிலாளிகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று மேனேஜர் ரிப்போர்ட் எழுதிவிட்டார். எந்தக் கறியும் ஒரு மணி நேரத்தில் வேகிறது, ஆகவே சமையலுக்கு இனி ஒரு ஆள் போதும்.

"நாளைக்கு முதலாளி சாப்பிட வர்றார், அக்கா. அவர் கையெழுத்துப் போட்டுட்டா உங்க நாத்தனாரை நிறுத்திடலாம். எல்லாம் உங்க திறமையாலதான்" என்றார், ஏதோ மெடல் குத்துவது போல.

அவள் புருஷன் போய் ஆறு வருஷம். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது இந்த ஸ்டூலில் அவள் உட்காருவதால்தான். அவளை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததும் நான், இப்போது கெட்டிக்காரத்தனம் காட்டி வெளியே அனுப்புவதும் நான். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளுமாம். யானையாவது குளித்துவிட்டுப் போடுகிறது.

அன்று மதியம் அவள் அண்டாவைத் தூக்கினாள்.

"வைக்காதே. நாளைக்குப் பேப்பர்ல இருக்கிறபடி சமைப்போம்" என்றேன்.

என்னைப் பார்த்தாள். அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் தொழிலாளிகளுக்கு முட்டை வைத்துச் சமாளித்தேன். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? முதலாளி மேஜைக்கு மட்டும் ஒரு சட்டி கெண்டைக்கறி. மேனேஜரே கடிகாரம் பார்த்து அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார், அவரே அணைக்கவும் சொன்னார். சட்டியைத் திறந்து முகர்ந்து, "ஆஹா" என்றார். நானும் ஆஹா என்றேன்.

முதலாளி ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். கன்னம் மாற்றி மென்றார். மேனேஜரும் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் வெந்துச்சு?" முதலாளி துண்டை ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

மேனேஜருக்கு வாய் நிறையக் கறி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நேத்துவரைக்கும் நல்லா இருந்துதுன்னாங்களே?"

"நேத்துவரைக்கும் மூணு மணி நேரம் வெந்துதுங்க, முந்தின நாளே. டீ அடுப்புக்குப் பின்னால வெச்சிருவோம். பேப்பர்ல ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு. என்ன பண்றது, மாட்டுக்குப் படிக்கத் தெரியலை."

"யாரு வேகவெச்சது?"

நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பதினாறு வருஷப் பழக்கம்.

"இவதாங்க. பக்கத்துலயே உக்காந்து, மூடியைத் திறக்காம வாசனையிலயே பதம் சொல்லுவா. எனக்கு அது வராது."

நாத்தனார் கையில் தண்ணீர் ஜக்கோடு அப்படியே நின்றாள்.

முதலாளி துப்ப இடம் தேடினார். முன்னால் இருந்தது ஒரே ஒரு பேப்பர். அதில் வாயில் இருந்ததைத் துப்பி, நான்காக மடித்து, தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"சார், அது நீங்க கையெழுத்துப் போட வேண்டிய ஆர்டர்" என்றார் மேனேஜர். ஒருவழியாக விழுங்கியிருந்தார்.

"போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு முதலாளி கை கழுவப் போனார்.

மேஜையைத் துடைக்கும்போது அந்தப் பொட்டலத்தை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன். சமையலறைக்கு வந்தால் நாத்தனார் முதுகைக் காட்டிக்கொண்டு அண்டாவை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பினாள், கண் சிவந்திருந்தது.

"வெங்காயம் அரிஞ்சியா?" என்று கேட்டேன்.

"இனிமேத்தான் அரியணும், அண்ணி" என்றாள்.