பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவு

அவளை வீட்டில் யாரும் 'பெரியவளே' என்று கூப்பிட்டு நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. இறுதி ஆட்டத்துக்கு முன், மைதானத்து ஓரப் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தபோதும், கம்பிவேலிக்கு அப்பாலிருந்து அம்மா, "சின்னவளே, தண்ணி குடிச்சியா?" என்றுதான் கேட்டாள்.

ஆரம்பத்தில் அது போட்டிகளுக்கு மட்டும்தான். அப்பா ஒரு காலத்தில் மாநில அணிக்கு டென்னிஸ் ஆடியவர். சித்தப்பா ஓட்டக்காரர். தண்ணீர் குடிக்க டம்ளர் தேட வேண்டியிருக்கும், வெற்றிக் கோப்பைக்கு மட்டும் பஞ்சமில்லாத வீடு. பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவள் முதல் சுற்றிலேயே தோற்றுத் தோற்று வந்ததை அந்த வீட்டால் ஜீரணிக்க முடியவில்லை. "சின்னவ பர்த் சர்டிபிகேட் சும்மாதானே கெடக்கு. அதுல ஆடட்டும், ஒரு சீசன்தானே," என்றார் அப்பா. வெளியே வாய் தவறிவிடக் கூடாதென்று வீட்டிலும் அப்படியே கூப்பிட்டுப் பழகினார்கள்.

அம்மாதான் நன்றாகப் பழகிக்கொண்டாள். கொஞ்ச நாளில் தட்டில் முட்டை வைப்பது நின்றது. "உனக்குத்தான் அந்த வாசனை ஆகாதே." அவளுக்கு முட்டை பிடிக்கும். ஆகாதது சின்னவளுக்கு. போன மாதம் ஒரு காலை, தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா அவள் காதுக்குப் பின்னால் விரலால் தடவித் தடவி எதையோ தேடினாள்.

"இங்க ஒரு மச்சம் இருந்துச்சே, எங்கடி?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அவளும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறாள்.

இன்று ஜெயித்தால் வெளிநாடு போகும் அணியில் இடம். அந்தப் பெயரில்தான் பாஸ்போர்ட் எடுப்பார்கள். பிறகு பெரியவள் என்று ஒருத்தி இருந்ததற்கு எதைக் காட்டுவது?

டாஸ் போட நடுவர் பெயர்களைக் கூப்பிட்டார். வழக்கம்போல அவள் ஒரு நொடி தாமதித்தாள், வேறு யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல. பாரம் இறங்கியதுபோல பெஞ்சின் மறுமுனைப் பலகை லேசாக முனகியது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வலையருகே எதிராளி நின்றிருந்தாள். பல்லில் கம்பி கட்டிய சின்னப் பெண். இவள் தோள் உயரம்கூட இல்லை.

"அக்கா, நேத்து உங்க சர்வ் பாத்தேன். இப்பவே வயித்தக் கலக்குது," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஸாரி. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வயசுல்ல? ஆனா வாயில அக்கான்னுதான் வருது."

நடுவர் காசைப் பெருவிரல் மேல் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரைச் சொல்லி, "பூவா, தலையா?" என்று கேட்டார்.

வேலிக்கு அப்பால் அம்மா கம்பியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். பார்வை அவள் மேல் இல்லை. அவளுக்கு இரண்டடி தள்ளி, யாருமில்லாத செம்மண்ணுக்கு மேலே, ஒரு சின்னப் பெண்ணின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் நிலைத்திருந்தது.

"சார்," என்றாள். "அது என் பேரு இல்ல. என் தங்கச்சி பேரு. அவ செத்து மூணு வருஷம் ஆச்சு."