நூல் கட்டிய பேனாக்கள்

ஊர் டிரான்ஸ்பார்மர் வெடித்து மூன்று வருடம் ஆயிற்று. புதுசு வரும் வரும் என்றார்கள், வந்தபாடில்லை. வீடுகளுக்குக் கரண்ட் வருவது அவசரக்காரச் சம்பந்தி வருவதுபோலத்தான். செருப்பைக் கழற்றாமலே தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும்.

கோழிப் பண்ணையில் மட்டும் ஜெனரேட்டர் ஓய்ந்ததில்லை. மனிதனுக்கு வியர்த்தால் துடைத்துக்கொள்வான். காற்றாடி அரைமணி நேரம் நின்றால் நாலாயிரம் கோழியும் வாயைப் பிளந்துவிடும். எனவே ஊரில் யார் போனுக்கு உயிர் வேண்டுமென்றாலும் அது பண்ணைக்குத்தான் போகவேண்டும். கொண்டுபோகிறவர், அங்கே எச்சம் வாரித் தீனி கொட்டும் சார்ஜ் மாமா. பெயர் பிள்ளைகள் வைத்தது.

காலையில் துணிப்பையோடு தெருவில் நடப்பார். ஆளுக்கொரு போனைப் பையில் போடுவார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நின்று திருப்பிக் கொடுப்பார். மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கு ஒரு நிறத்தில் நூல் கட்டிவிட்டிருந்தார். நூல் கொடுத்தது பக்கத்து வீட்டுத் தையல்காரி. அவள் வீட்டுக்குப் பச்சை. டிராக்டர்காரர் வீட்டுக்கு நீலம். தன் வீட்டுக்குச் சிவப்பு. தொடங்கிய காலத்தில் அவருக்கு எழுத்துத் தெரியாது. நாற்பத்திரண்டு வயதில்தான், மகள் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுக்க, எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். ஆனாலும் மை அழியும், முடிச்சு அழியாது என்று நூலை விடவில்லை. தீனி மூட்டைக்குப் போடுகிற இரட்டை முடிச்சு. ஊரில் வேறு யாருக்கும் அது வராது.

அந்த மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை இன்னும் மூன்று வாரத்தில். அவர் வீட்டிலிருந்து அந்தப் பரீட்சைத் தாளைத் தொடப்போகிற முதல் கை அவளுடையது. இருக்கிற ஆசையெல்லாம் அதில்தான் முடிந்துவைத்திருந்தார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் விரல் நீளத்தில் பளபளவென்று ஒரு பொருளை நீட்டினாள்.

“அப்பா, இதையும் சார்ஜ் போட்டுட்டு வா.”

“என்ன பாப்பா இது?”

“பேனாப்பா. கரண்ட் பேனா. ஸ்கூல்ல திரையில எழுதுறதுக்கு.”

பள்ளிக்கூடத்திலேயே கரண்ட் இல்லையே, திரை எப்படி எரியும் என்று ஒரு கேள்வி தொண்டைவரை வந்தது. படிக்காதவன் கேட்கிற கேள்வி என்று விழுங்கிவிட்டார். பேனா என்ற சொல்லுக்கு அவரிடம் அவ்வளவு மரியாதை. சிவப்பு நூலைக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் தையல்காரியின் மகன் ஒன்று கொடுத்தான். பிறகு டிராக்டர்காரரின் மகன். பிறகு ஒவ்வொன்றாகப் பதினொன்று. “மாமா, வீட்டுல சொல்லாதீங்க, தொலைச்சிடுவேன்னு திட்டுவாங்க” என்றார்கள். அதுவும் சரிதானே என்று அந்தந்த வீட்டு நூலையே கட்டினார். பண்ணை மேஸ்திரியிடம் பெருமைகூட அடித்துக்கொண்டார். “நம்ம ஊர்ப் பிள்ளைங்க பதினோரு பேரு கரண்ட் பேனால எழுதுதுங்க, தெரியுமா?” மேஸ்திரி கொட்டாவி விட்டான்.

வீட்டுக்காரிதான் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். “வாங்காத பழம் வீட்டுல மணக்குதே, உங்களுக்குத் தெரியலையா?” அவருக்கு எங்கே தெரியும்? இருபது வருடக் கோழி எச்சத்தில் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. மகள் இருமுவதைக்கூடத் தன் சட்டையில் ஒட்டிவரும் தவிட்டுத் தூசி என்று நினைத்து, வாசலிலேயே சட்டையை உதறிவிட்டு உள்ளே போனார்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று ஒருநாள் சொல்லியனுப்பினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மைதானத்தில் ஓடும்போது விழுந்துவிட்டானாம். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துப் படுக்கவைத்திருக்கிறார்களாம். சார்ஜ் மாமா பண்ணையிலிருந்து நேராக வந்தார். வாசலில் போன்களைக் கொடுத்து முடித்தார். பேனாக்கள் மட்டும் பையில் இருந்தன; கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளிடம் கொடுக்கலாமென்று மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

தலைமை ஆசிரியை மேஜை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

“இதுக்குப் பேரு வேப். புகை. பழ வாசனையா இருக்கும், உள்ள இருக்கிறது நஞ்சு. விழுந்த பையன் சட்டைப்பையில இருந்து எடுத்தது.”

அதன் கழுத்தில் மஞ்சள் நூல் இருந்தது. இரட்டை முடிச்சு.

சார்ஜ் மாமா குனிந்து மடியைப் பார்த்தார். பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போன புகைக்கு ஆறு மாதமாகக் காலை மாலை சுமந்துபோய் உயிரூட்டிக் கொண்டுவந்த கை, இதோ மடியில் கிடக்கிறது.

“இந்த மாதிரி வச்சிருக்கிற பிள்ளையைப் பரீட்சை எழுத விடமாட்டேன்” என்றார் தலைமை ஆசிரியை. “இன்னைக்கே டி.சி.”

“சரியாச் சொன்னீங்க!” பெட்டிக்கடைக்காரர் முன்வரிசையிலிருந்து கை தட்டினார். “ஒரு பிள்ளையைத் தூக்குனாத்தான் மத்தது பயப்படும்.”

சார்ஜ் மாமா எழுந்தார். கூட்டத்தில் அவர் வாய் திறப்பது அதுவே முதல்முறை.

“டீச்சரம்மா, ஒருத்தர் ரெண்டு பேரு இல்லாம… நிறைய பிள்ளைங்ககிட்ட இருந்தா?”

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “ஒண்ணு ரெண்டுன்னா ஒழுக்கக்கேடு, வெளியே அனுப்பலாம். ஊரே வச்சிருந்தா எல்லாரையுமா அனுப்ப முடியும்? அப்ப அது நோய். டாக்டரைக் கூட்டிட்டு வந்து வைத்தியம்தான் பாக்கணும். ஆனா அப்படி இல்லையே.”

இதைவிட வேறென்ன வேண்டும்? எல்லோரும் சேர்ந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கு மருந்தும் கிடைக்கும். மகள் ஜன்னலுக்கு வெளியே நின்று தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். நடந்துபோய்ப் பையை மேஜைமேல் கவிழ்த்தார்.

“இந்தாங்க, பத்து இருக்கு. உங்க கையில உள்ளதோட பதினொண்ணு. பேனான்னு சொன்னாங்க, நான்தான் சார்ஜ் போட்டேன். செவப்பு நூல் என் வீடு, என் பொண்ணோடது. மத்தது நான் சொல்லவேண்டியதில்ல. அவங்கவங்க போனைப் பாருங்க, அதே நூல் இருக்கும்.”

பின்னாலிருந்து சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. வாழ்நாளெல்லாம் கத்தரியைத் தேடப் பொறுமையில்லாமல் பல்லால் நூல் கடிப்பவள் தையல்காரி. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் கேட்பதுதான்.

திரும்பிப் பார்த்தார். டிராக்டர்காரர் போனை வேட்டி மடிப்புக்குள் வைத்து நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் சாவியால் அறுத்தார். ஒருத்தி போனையே இடுப்பில் செருகி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தலைமை ஆசிரியை மேடையிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லாப் போனும் மொட்டையாகிவிட்டது. தரையில் பச்சை, நீலம், ஊதா என்று துணுக்குகள் கிடந்தன.

“என்ன அக்கா இது?” என்றார் தையல்காரியைப் பார்த்து. “நீங்க குடுத்த நூல்தானே?”

“எந்த நூலு?” அவள் அவரைப் பார்க்காமல் மேஜைக்காலைப் பார்த்தாள். “ஊர்ல பச்சை நூல் என் வீட்ல மட்டும்தான் இருக்கா தம்பி? நல்லாயிருக்கே கதை!”

பெட்டிக்கடைக்காரர் எழுந்தார். “நான் ஒண்ணு கேக்கறேன். பத்தும் யார் பையில இருந்து விழுந்துச்சு? விக்கிறவரே இவர்தானோ என்னவோ!”

“யோவ், நானா?”

“பின்ன, உன் கோழியா?”

சிரித்தார்கள். பயந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு நல்ல இடத்தில் வந்தது. தேவைக்கு மேலேயே சிரித்தார்கள்.

தலைமை ஆசிரியை குனிந்து ஒரு நீல நூலை எடுத்தார். டிராக்டர்காரரைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் அவர் கட்டிக்கொடுத்தது. நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, குப்பைக்கூடையில் போட்டார். பிறகு பதிவேட்டைத் திறந்து ஒரே ஒரு பெயரை எழுதினார். எழுத்துக் கூட்டத் தெரிந்ததால் அது யார் பெயர் என்று தலைகீழாகவே சார்ஜ் மாமாவால் வாசிக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மகள் கேட்டாள்.

“நீ ஏம்ப்பா முதல்ல எழுந்த?”

“எல்லாரும் எழுந்திருப்பாங்கன்னு…”

“கடைசியா எழுந்திருந்தா என்ன?” இருமல் வந்தது, அடக்கிக்கொண்டாள். “அதை வித்தது யாருன்னு தெரியுமா உனக்கு? கை தட்டுனாரே, அவருதான். பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருக்காரு.”

“அதை அங்கேயே சொல்லியிருக்கலாம்ல பாப்பா?”

“யார் நம்புவா? நீ கேட்டப்ப பேனான்னு சொன்னேன், நம்புன. உன்னை மாதிரி இன்னொரு ஆளு ஊர்ல ஏதுப்பா?”

வீட்டுக்காரி அடுப்படியில் நின்றபடி இருவரையும் பார்த்தாள். மகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்று நாள் அவர் பையைத் தொடவில்லை. நாலாம் நாள் காலையில் தையல்காரியே வாசலில் வந்து நின்றாள். ஊருக்கு என்ன, மானம் போனால் பொறுத்துக்கொள்ளும். போன் செத்தால் பொறுக்காது.

“அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க தம்பி. ஒரு ஆத்திரத்துல நடந்துபோச்சு. நூல் வேணும்னா தர்றேன்.”

“வேணாம்” என்றார். “எல்லார் போனும் எனக்கு அடையாளம் தெரியுது இப்ப.”

தெரு முழுக்கப் பையில் போட்டது. பண்ணைக்குப் போய்க் கொட்டியபோது போன்களுக்கு நடுவே ஒரு கைக்குட்டைப் பொட்டலம். உள்ளே இரண்டு பேனா, புதுசு. நூல் இல்லை. யார் எப்போது நுழைத்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு எச்சக் குழியோரம் போய் இரண்டையும் உள்ளே எறிந்து, நாலு மண்வெட்டி எச்சம் தள்ளி மூடினார்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் போன்களைக் கொடுத்தார். தையல்காரியின் மகன் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றான். டிராக்டர்காரர் மகனும் பக்கத்தில் வந்து நின்றான்.

“மாமா… பையில வேற எதுவும் இருந்துச்சா?”

“வேற என்ன?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்களோடதா ஏதாவது?” என்று கேட்டார்.

“இல்ல மாமா.”

“உங்களோடது இல்லேல்ல? அப்ப போங்க. பரீட்சைக்குப் படிங்க.”

போனார்கள். உள்ளே பத்தாம் வகுப்பின் சாயங்கால மாதிரிப் பரீட்சைக்கு மணி அடித்தது. காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த மணிச் சத்தம் மகளுக்குக் கேட்கும் தூரத்திலா வீடு இருக்கிறது என்று கணக்குப் போட்டபடியே நடந்தார். கேட்கும் தூரம்தான்.