குடைச்சல் கேட்ட அரைமணி நேரம்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. கணக்குச் சரிபார்க்கும் மேசையில் இருந்தவளுக்குக் குடைச்சல் என்று பட்டப்பெயர் வைத்தது அந்த அக்காதான். வைக்காமல் என்ன செய்வாள்? நாளெல்லாம் வெயிலில், பூமியின் இழுப்பை அளக்கும் ஈர்ப்புமானியைத் தூக்கிக்கொண்டு அலைந்துவிட்டு வந்தால், குடைச்சல் ஒவ்வோர் எண்ணையும் பிடித்துக்கொண்டு உயிரை எடுப்பாள். பக்கத்தில் லாரி நின்றதா? முந்தின நாள் மழை பெய்ததா? மதில் எவ்வளவு உயரம்? "விட்டா நேத்து எவ்வளவு சாப்பிட்டேன்னு கேட்டு, என் உடம்பு இழுக்கறதையும் கழிச்சிடுவா" என்று அக்கா கேலி செய்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். குடைச்சலும் கூடவே சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்பாள்.

அவர்கள் வேலை, நகரத்துக்கு அடியில் கிடக்கும் பழைய சுரங்கங்கள் கூரை உதிர்ந்து உதிர்ந்து மேலே ஏறி வருகின்றனவா என்று பார்ப்பது. பூமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. காலடியில் கனமான பாறை இருந்தால் இழுப்பு ஒரு துளி கூடும். பொந்து இருந்தால் ஒரு துளி குறையும். அந்தத் துளியை அளப்பதுதான் அக்காவின் பிழைப்பு. காந்தத்தை அளக்கும் கருவியும் அவர்களிடம் உண்டு. ஆனால் கட்டில் முதல் கூரைக்கம்பி வரை இரும்பு நிறைந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அன்று அளந்த கட்டடம் பிரசவ மருத்துவமனை. அங்கே ஆழத்தில் ஒரு சுரங்கம் இருப்பது ஏற்கனவே தெரிந்ததுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை போய், அதே இடங்களில் மறுபடி அளந்து, எதுவும் மாறவில்லை என்று எழுதிக் கொடுப்பார்கள். இந்த முறை அக்காவுக்கு அது வெறும் வேலையாக இல்லை. தரைத்தள வார்டில் அவள் தங்கை படுத்திருந்தாள். இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போய், மூன்றாவது ஏழு மாதம் தாக்குப்பிடித்திருக்கிறது. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது, தூக்கிக்கொண்டு போனாலும் ஆபத்து என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

வாசல் முகப்பில் எடுத்த அளவு போன தடவையைவிடக் குறைந்திருந்தது. அக்கா மறுபடி வைத்தாள். அதே குறைவு. சுற்றி இரண்டு மூன்று இடங்களில் மட்டும் குறைந்து, கொஞ்சம் தள்ளிப் போனதும் பழைய எண்ணே வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஆழத்தில் நடக்கும் மாற்றம் மேலே வரும்போது பரவி மங்கிவிடும். இப்படிக் குறுகலாகக் குத்தி நின்றால், காரணம் தரையை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம். சுரங்கம் இடிந்து இடிந்து மேலே ஏறி, வாசலுக்கு அடியில் வந்து நிற்கிறது. கட்டடத்தை உடனே காலி செய்யச் சொல்ல வேண்டும்.

அவள் செய்தியைத் தட்டச்சு செய்துவிட்டாள். அனுப்ப விரல் வரவில்லை. இரண்டாவது ஆள் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்ற விதி நல்லவேளையாக இருந்தது. போனில் எண்களைச் சொன்னதும், குடைச்சல் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள்.

"போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இங்க என்ன மாறியிருக்கு?"

"ஒண்ணும் மாறலைங்க. நான் சுத்திப் பாத்துட்டேன்."

"மீட்டருக்கு எடை குறைஞ்சிருக்குன்னுதான் தெரியும். என்ன குறைஞ்சதுன்னு அதுக்குத் தெரியாது. மண்ணுதான் போச்சுன்னு சொல்றது நீங்க." குடைச்சல் குனிந்து, சுவரோரம் விரித்திருந்த தார்ப்பாயைத் தூக்கினாள். கீழே நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஈரத் தரை மட்டும்தான்.

பராமரிப்பு ஆள் ஓடி வந்தார். "நேத்து கழுவுனோம் மேடம். அதுவரைக்கும் எப்பவும் நிறைஞ்சேதான் இருக்கும். தண்ணி லாரி இப்ப வந்துடும்."

அக்கா அந்தத் தார்ப்பாயின் ஓரத்தை மிதித்துக்கொண்டேதான் அளந்திருந்தாள். குடைச்சல் நாடா பிடித்து நீளம், அகலம், ஆழம் எடுத்து அங்கேயே கணக்குப் போட்டாள். அத்தனை தண்ணீர் இல்லாமல் போனால் எவ்வளவு குறையுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் குறைந்திருந்தது.

"அப்போ தண்ணிதான்!" அக்கா போனை எடுத்து, தட்டச்சு செய்த செய்தியை அழிக்கப் போனாள்.

"அவசரப்படாதீங்க. இதே குறைவுக்குப் பொந்தும் ஒத்து வரும், தண்ணியும் ஒத்து வரும். கணக்கு ஒத்துப்போனா மட்டும் போதாது. ஒரு அரைமணி நேரம் குடுங்க. பாதித் தொட்டி நிரப்பி அளப்போம். எண் ஏறலைன்னா, அந்த நிமிஷமே செய்தியை அனுப்பிடலாம்."

வாசலில் கயிறு கட்டி ஆட்களைப் பின்பக்க வழியாக அனுப்பினார்கள். லாரி வந்ததும் அதைத் தெருவிலேயே நிறுத்தினார்கள். குழாயைத் தொட்டிக்குள் விட்டதும் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். அக்கா மீட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எண்ணைப் படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. "நீங்க படிங்க. என் கண்ணை நானே நம்பல" என்றாள்.

குடைச்சல் படித்தாள். ஏறியிருந்தது. நிரப்பி முடித்துப் பார்த்தபோது பழைய எண்ணே வந்து நின்றது. சுற்றியிருந்த இடங்களிலும் அப்படியே.

அக்கா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நான் என்னங்க செய்வேன்? உள்ள என் தங்கச்சி படுத்திருக்கா. அசைக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அவ பிழைச்சா, பிள்ளை பிழைச்சா, அது உங்களாலதான். உங்களுக்குப் போயி குடைச்சல்னு பேர் வெச்சேனே, பாவி!"

குடைச்சலின் முகம் வெளுத்தது. "நல்லவேளை, இப்பத்தான் சொன்னீங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா தொட்டியைப் பாத்ததுமே போதும்னு விட்டிருப்பேன்." பிறகு கையை விடுவித்துக்கொள்ளாமலே கேட்டாள்: "அது சரி, தார்ப்பாய்க்கு அடியில ஏன் பாக்கலை நீங்க?"

வேறொரு நாளாயிருந்தால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கும். இன்று அந்தக் கேள்வி காதில் தேனாக விழுந்தது. "பயந்துட்டேங்க. இன்னும் கேளுங்க, எவ்வளவு வேணா கேளுங்க" என்றாள்.

வார்டுக்குள் போனபோது தங்கை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சிடுசிடுவென்று கிடந்தாள். வெளியே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"என்னக்கா ஒரே சத்தம்? உனக்கென்ன, ஊரெல்லாம் சுத்தற. என்னைப் பாரு, போட்டது போட்டபடி கிடக்கறேன். ஒரு இஞ்ச் நகர விட மாட்டேங்கறாங்க."

அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாரையாக ஓடியது, துடைக்கவும் இல்லை.

"கிடடி என் தங்கமே," என்றாள். "அப்படியே கிட."