வரதன் வீட்டுப் புல்தரை

உங்கள் வாசலில் விழும் மழைத்தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? வரதன் பார்த்ததில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன் அவன். ஏரிக்குக் கீழே ஒரு தெருவில் சொந்தமாக வீடு கட்டியதும், கம்பெனி வாசலில் இருப்பது போல ஒரு புல்தரை வேண்டும் என்று ஆசை வந்தது. லாரியில் செம்மண் அடித்து வாசலை மேடாக்கினான். ஓரத்தில் ஓடிய கால்வாய் பள்ளமாக இருந்து அழகைக் கெடுத்தது. தெருவுக்கே இருந்தது அந்த ஒரு கால்வாய்தான். அதையும் மண் கொட்டி மூடி, மேலே புல் பதித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குத்தவைத்து உட்கார்ந்து கத்தரிக்கோலால் ஓரம் வெட்டினான். 'புல்லை மிதிக்காதீர்' என்று வார்னிஷ் அடித்த ஒரு மரப்பலகையில் எழுதி நட்டும் வைத்தான்.

"பெத்த புள்ளைங்கள கூட இந்த மனுசன் இப்டி பாத்துக்கினது இல்ல" என்று சிரிப்பாள் அவன் மனைவி பூங்காவனம்.

ஐப்பசி மழை பிடித்தது. வரதன் வாசலில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் கணுக்கால் அளவு நின்றது. அது சைக்கிள் கடை சுலைமான் வீடு. மறுநாள் அவர் மகளுக்கு வீட்டிலேயே நிக்காஹ். பிரியாணிக்காகத் தோண்டி வைத்த அடுப்புக் குழிகள் தண்ணீரில் முழுகிவிட்டன. சாயங்காலம் மழை விட்டதும் சுலைமானும் அவர் மனைவியும் பக்கெட்டால் இறைத்தார்கள். இறைக்க இறைக்கத் தெருத் தண்ணீர் திரும்ப உள்ளே வந்தது.

"மழைன்னா தண்ணி நிக்கத்தான் செய்யும்" என்றான் வரதன்.

"போன வருசம் நின்னுச்சா?" என்றாள் பூங்காவனம்.

அதற்குள் சுலைமான் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பலகையைப் பார்த்து, புல்லில் கால் வைக்காமல் தெருத் தண்ணீரிலேயே நின்றார்.

"அண்ணாத்தே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காத."

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று வரதன் முந்திக்கொண்டான். "கால்வாயெல்லாம் முனிசிபாலிட்டி வேல பாய். என்னை இன்னாத்துக்கு கேக்குற?"

"அத்த கேக்க வரல. தெருவுலயே உன் வாசல்தான் மேடா கீது. காலைல அடுப்ப இங்க போட்டுக்கட்டா? கல்யாணம் முடிஞ்சதும் நானே புதுப் புல்லு வெச்சித் தரேன்."

"என் புல்லு மேலயா?"

"வேற எடம் இல்ல அண்ணாத்தே. பொண்ணு மருதாணிக் கையோட உக்காந்து அழுதுகினு கீது."

வரதன் குனிந்து புல்லைப் பார்த்தான். சண்டைக்கு வந்திருந்தால் சொல்ல அவனிடம் நிறையப் பதில் இருந்தது.

"இன்னா யோசன?" என்றாள் பூங்காவனம். "அவுரு ஊட்டுல தண்ணிய நிறுத்தனது நீ. அவுரு வந்து உன்கிட்ட பர்மிசன் கேக்குறாரு. வெக்கமா இல்ல?"

வரதன் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தான். தான் சீவிச் சீவி வளர்த்த புல்லின் ஓரத்தில் ஓங்கி ஒரு குத்து விட்டான். சுலைமான் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"மெதுவா அண்ணாத்தே, புல்லு பேந்துகினு வருது!"

"வந்தா வரட்டும் பாய். நீ மண்ண அள்ளு."

கால்வாய் திறந்தது. எதிர்வாசல் தண்ணீர் சலசலவென்று இறங்கி ஓடியது. வரதன் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"தப்பு என்னுது பாய். என் வாசல் பச்சையா இருக்கான்னு பாத்தேன், உன் வாசலப் பாக்கல. தண்ணி போற வழி தெருவுக்கே சொந்தம். அத்த அடைக்க எவனுக்கும் உரிமை இல்ல. அடுத்தவன் ஊட்டுல தண்ணிய நிறுத்திட்டு நான் வளக்குறதுக்குப் பேரு அழகு இல்ல."

"அப்ப அடுப்பு?" என்றார் சுலைமான்.

"உன் தரை காயறதுக்குள்ள மாப்ள வந்துருவாரு. இங்கயே போடு."

மறுநாள் காலை வரதன் வீட்டுப் புல்தரையில் பிரியாணி வெந்தது. விறகு ஈரமாக இருந்தது. பூங்காவனம் 'புல்லை மிதிக்காதீர்' பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். அது நன்றாக எரிந்தது.