ஸ்லாஷ் இருபத்தாறு

ஆறு மணி நேரம் இருபது நிமிடமாகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. புதுச்சேரி உப்பளம் பகுதியில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் எதையும் இவ்வளவு ஆழமாக விவாதித்ததில்லை. சம்பள உயர்வு நான்கு நிமிடத்தில் முடிந்துபோன பொருள்.

அவர்கள் விற்கும் மென்பொருள் ஒரு வாயிற்காவலன். எந்தெந்த முகவரிக் கணினிகளை இணையத்துக்குள் விடலாம் என்று வாடிக்கையாளர் எழுதித் தர வேண்டும். எப்படி எழுதுவது என்பதில்தான் சண்டை. முதல் முகவரி, கடைசி முகவரி, நடுவில் ஒரு சிறு கோடு போதும் என்றார் மூத்தவரான ஜோசப் ஆனந்த். முதலாளி எழிலரசனுக்கு அது பேருந்து அட்டவணை மாதிரி இருந்ததாம். முகவரிக்குப் பின்னால் ஸ்லாஷ் என்கிற சாய்கோடு, அப்புறம் ஓர் எண். உலகமே அப்படித்தான் எழுதுகிறது, குழந்தைக்கும் புரியும் என்றார்.

உலகம் அப்படி எழுதுவது உண்மைதான். ஆனால் அந்த எண் கணினிகளின் எண்ணிக்கை அல்ல. ஸ்லாஷ் இருபத்தாறு என்றால் அறுபத்து நான்கு முகவரிகள். எண் சிறுத்தால் கூட்டம் பெருகும். ஸ்லாஷ் பத்து என்றால் புதுச்சேரி நகரத்தில் ஆளுக்கு இரண்டு கொடுத்தாலும் மிஞ்சும்.

அரியாங்குப்பத்தில் கணினி மையம் நடத்தும் சாமிக்கண்ணு, தம் இருபத்தாறு கணினிகளுக்கு ஸ்லாஷ் இருபத்தாறு போட்டிருந்தார். மிச்ச இடத்தில் மாணவர்களின் கைபேசிகள் புகுந்து படம் பார்க்க, தேர்வு நாளன்று இணையம் படுத்துவிட்டது. ஒங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் என்ன போட்டிருந்தார் என்று எழிலரசன் கேட்கவில்லை. விவரம் கேட்பது அவர் பழக்கமல்ல.

அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள் கார்குழலி. ஆகவே தவறாகச் சொன்னதும் அவள்தான் என்று முடிவாயிற்று. சேர்ந்து ஐந்து மாதம். வேலையில் நிரந்தரமா, வீட்டுக்கா என்பது கூட்டத்தின் கடைசித் தலைப்பு. தான் சொல்லவில்லை என்று காலையிலேயே சொன்னாள். அவள் குரல் மின்விசிறியைத் தாண்டவில்லை.

குற்றம் குறியீட்டின் மேல் இல்லை, விளக்கிய ஆள்மேல்தான் என்று எழிலரசன் தீர்ப்பை நெருங்கினார். ஜோசப் ஆனந்துக்கு அதில் ஆட்சேபம் இருந்தது. பசி அதைவிட அதிகமாக இருந்ததால் கடிகாரத்தைப் பார்த்தார்.

கார்குழலி எழுந்தாள். போவதற்குள் உதவிப் பக்கத்தை முடித்துவிடுவதாகவும், ஓர் எடுத்துக்காட்டு மட்டும் வேண்டும் என்றும் எழிலரசனிடம் சொன்னாள்.

"பத்து கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்க என்ன சார் போடணும்?"

"இதுகூடத் தெரியலியாம்மா? ஸ்லாஷ் போட்டு பத்துன்னு போடு."

ஜோசப் ஆனந்த் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"இருபத்தாறு இருந்தா?"

"ஸ்லாஷ் இருபத்தாறு. இத்த எத்தினி தடவ சொல்றது? அன்னிக்கு சாமிக்கண்ணு போன் பண்ணப்பவும் நான் இதயேதான் சொன்னேன்."