நெல் பார்த்த பல்

கறம்பக்குடியில் பல் டாக்டருக்கு மைக்ராஸ்கோப் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. கீழே மருந்துக்கடைக்காரர் கேட்டார், மெஷினை மாடிக்குத் தூக்கி வந்தவர்கள் கேட்டார்கள், டாக்டர் ஷர்லியின் கணவன் பிராங்க்ளினும் கேட்டான். பல்லுக்குள் புழு நெளிவதை டிவியில் காட்டப் போகிறாராம் என்று எதிர் டீக்கடையில் ஒரு சிரிப்பு ஓடியது. ஷர்லி யாருக்கும் பதில் சொல்லவில்லை. சொல்வதென்றால் ஒரு ஆளின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். பதினாறு வருடத் தொழிலில் அவளால் கண்டுபிடிக்கவே முடியாமல் போன வலி ஒன்று உண்டு. அது நாகராசுவின் வலி.

நாகராசு பக்கத்து ரைஸ் மில்லில் நெல் பார்த்து எடுக்கிறவர். ஐம்பத்தைந்து வயது, பேச்சு குறைவு. இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவி அழகியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தனக்கு வலது கீழ்க்கடைவாயில் சுரீரென்று ஒரு வெட்டு, கடிக்கும்போதுகூட இல்லை, கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போதுதான் என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே ஷர்லி விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பல்லில் விரிசல் விழுந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவளும் சும்மா இருந்துவிடவில்லை, கேட்கத்தான் செய்தாள்.

"கெட்டியா எதையும் கடிக்கிற பழக்கம் உண்டாண்ணே? முறுக்கு, எலும்பு, புளியங்கொட்டை?"

"இல்லைங்கம்மா. ரசஞ்சோறுதான்."

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கடைசிப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு ஒன்று நன்றாகவே உட்கார்ந்திருந்தது. அதற்கு முந்திய பல்லில் மட்டும் சின்னதாக ஒரு சொத்தை. பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டாள். வேர் சிகிச்சை செய்தாள். வலி போகவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தப் பல்லையே பிடுங்கினாள். அப்போதும் போகவில்லை. அப்படியானால் இது பல்வலியே இல்லை, முகத்து நரம்பு வலி என்று முடிவு கட்டி, அதற்கான மாத்திரையை எழுதினாள். இரண்டு வேளை என்று ஆரம்பித்து மூன்று வேளை ஆக்கினாள். கொஞ்சம் அசதியா இருக்கும்ணே என்று சொன்னாள். வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. இதை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள், சொன்னதாக ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

போன வருடம் ஆடி மாதம், பட்டப்பகலில், அழகியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கந்தர்வகோட்டையிலிருந்து வந்த நாகராசுவின் டிவிஎஸ் நேராகப் போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. அழகி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள். கண்ணு சொருகிருச்சு என்று அவர் போலீசிடம் சொன்னார். ஊர் நம்பவில்லை. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று பேசியது. ஊருக்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறது. ஷர்லி கேதத்துக்கு மாலையோடு போய் நின்றாள். வியாதி உண்மை, மருந்து அவசியம், மிச்சம் தலையெழுத்து என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். இந்த ஒரு வருடமாக அவளுக்குத் தூக்கம் வந்தது அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான்.

மெஷின் வந்த நான்காம் நாள் காலையில் நாகராசு தனியாக வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மாத்திரையை அவர் விட்டு வருடமாகிவிட்டது, வலி அவரை விடவில்லை.

"முடியலைங்கம்மா. அந்தப் பக்கத்துப் பல்லு எல்லாத்தையும் பிடுங்கிவிட்டாலும் சரிதான்."

ஷர்லி ஊசி போட்டு மரக்கவைத்தாள். பழைய வெள்ளி அடைப்பைச் சுரண்டி எடுத்தாள். பல்லுக்குள் ஒரு சொட்டு நீலச்சாயம் வைத்து, கழுவிவிட்டு, மைக்ராஸ்கோப்பை இழுத்துக் கண்ணை வைத்தாள். பதினாறு மடங்கு பெரிதாகத் தெரிந்தது பல். அதன் குறுக்கே முன்னிருந்து பின்னாக நீலமாக ஒரு கோடு, வெயிலில் வெடித்த வயல் மாதிரி. கோடு பல்லின் சுவரோடு நிற்கவில்லை. தரையில் இறங்கி வேருக்குள் போயிருந்தது. பக்கத்துச் சுவரில் இருந்த திரையில் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டு அவளுடைய உதவியாளர் ரஞ்சிதா நின்றாள். எட்டு வருடமாக உடன் இருப்பவள், அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஷர்லி கருவிகளை எடுத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்தினாள்.

"அண்ணே, இந்தப் பல்லு ரெண்டாப் பொளந்திருக்கு. என்னத்தைக் கடிச்சீங்க?"

"ஒண்ணும் கடிக்கலையேம்மா."

ரஞ்சிதாதான் மெதுவாகச் சொன்னாள். "டாக்டர், இவுக மில்லுல நெல்லு பாக்குறவுகல்ல."

அப்போதுதான் ஷர்லிக்கும் நாகராசுவுக்கும் விளங்கியது. நெல் காய்ந்ததா என்று பார்க்க மூட்டையில் குத்தூசி விட்டு நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார்கள். டக்கென்று உடைந்தால் காய்ச்சல், நசுங்கினால் ஈரம். மில் முதலாளி ஈரம் பார்க்கிற மீட்டர் வாங்கி வைத்திருந்தார். அது அலமாரியில் கிடந்தது, நாகராசுவின் கடைவாய்தான் மில்லுக்கு மீட்டர். அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை, முப்பது வருடம், எல்லாம் அதே வலது பக்கம். அதை அவர் கடிப்பதாகவே நினைத்ததில்லை. நெல் பார்ப்பது வேறு, கடித்துத் தின்பது வேறு. ஷர்லிக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அவள் அப்பா ஆரோக்கியதாஸ் இதே மில்லுக்கு நெல் போட்டவர். களத்தில் நின்று அவளே நூறு தடவை நெல்லைக் கடித்துத் துப்பியிருக்கிறாள். முறுக்கைக் கேட்டவளுக்கு நெல்லைக் கேட்கத் தோன்றவில்லை.

நாகராசு திரையையே பார்த்தார். பிறகு மரத்துப்போன உதட்டோடு குழறிச் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க கேட்டீகம்மா. நாந்தான் சொல்லலை. எந் தப்புதான் இது."

அவள் தப்பிக்கும் கதவை அவரே திறந்து வைத்துவிட்டார். ஆமாண்ணே, சொல்லியிருக்கலாமே என்று ஒரு வார்த்தை போதும், வெளியே வந்துவிடலாம். பல்லைப் பிடுங்கி, பஞ்சு வைத்து, கும்பிடும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். ஷர்லிக்கு அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"இல்லைண்ணே. தப்பு என்னுது. அன்னைக்கே அடைப்பை எடுத்துப் பாத்திருந்தா இந்தப் பல்லுக்கு ஒரு மூடி போட்டுக் காப்பாத்தியிருக்கலாம். நான் பிடுங்குனது சின்னச் சொத்தைப் பல்லு. அடைச்சுவிட்டிருந்தா போதும்."

அவர் நாக்கால் பல் பிடுங்கிய அந்தப் பழைய பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப நரம்பு வலி?"

"ஒங்களுக்கு நரம்பு வலியே இல்லைண்ணே."

"அந்த மாத்திரை?"

"தேவையே இல்லை. நான்தான் தப்பா எழுதிக் குடுத்தேன். வண்டி ஓட்டக் கூடாதுன்னும் சொல்லலை."

அறையில் உமிழ்நீர் உறிஞ்சும் குழாய் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ரஞ்சிதா போய் அதை நிறுத்தினாள். நாகராசு கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த மாத்திரை போடாட்டி அன்னைக்கு எனக்குக் கண்ணு சொருகியிருக்காது."

"இருக்காது."

அவர் கத்துவார் என்று ஷர்லி எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பரைக் காட்டினார்.

"எம் மக வைஷ்ணவி. ஓசூர்ல கம்பெனியில இருக்கா. என் நம்பரை எடுக்க மாட்டா. ஒங்க போன்ல போட்டு, இப்ப எங்கிட்டச் சொன்னதை அப்படியே அவகிட்டச் சொல்லுங்க."

ஷர்லி போட்டாள். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். யாருங்க என்ற குரலுக்குத் தன் பெயரைச் சொல்லி, பல்லிலிருந்து தொடங்கி மாத்திரைவரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்பா குடிச்சிருக்கலையா?"

"இல்லைம்மா. நான் குடுத்த மருந்துதான்."

"எங்கம்மாவுக்குக் கொள்ளி வைக்க அவரை நான் விடலை டாக்டர். சித்தப்பாவை வைக்கச் சொன்னேன். அவரு சுடுகாட்டு வாசல்லயே நின்னாரு. கருமாதிக்கும் வீட்டுக்குள்ள விடலை. இப்ப வந்து சொல்றீங்க. நான் என்ன செய்ய?"

ரஞ்சிதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நாகராசு குனிந்து போனுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனார். உதடு ஒத்துழைக்கவில்லை, எச்சில் ஒழுகியது. துடைத்துக்கொண்டு மறுபடி முயன்றார்.

"அழுவாத ஆத்தா. அப்பா இருக்கேன்."

அந்தப் பக்கம் அழுகை நிற்கவில்லை. அவர் அது முடியும்வரை குனிந்தபடியே இருந்தார். சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று மகள் சொன்னதும் நிமிர்ந்து எழுந்தார், செருப்பை மாட்டினார்.

"அண்ணே, பல்லு திறந்து கிடக்கு. எடுத்துவிடுறேன். இல்லாட்டி அடைச்சாவது விடுறேன். ராத்திரி வலி தாங்காது."

நாகராசு கதவருகே நின்றார். குரலில் கோபம் இல்லை. எப்போதும் போல மரியாதையாகத்தான் பேசினார்.

"வேணாங்கம்மா. நான் பட்டுக்கோட்டையில போயி எடுத்துக்கிறேன். ஒங்க கை இனிமே என் வாய்க்குள்ள வேணாம்."